சங்கம் வேறு, ஸ்டேஷன் வேறு: மும்பைக்குப் புதிதாகக் குடிவருபவர்களுக்கு

தாராவிக்கோ சயான் கோலிவாடாவுக்கோ குடிவந்த முதல் வாரத்திலேயே ஊர்க்காரர்கள் எல்லாம் சொல்லித் தருவார்கள்: குழாயில் தண்ணீர் எத்தனை மணிக்கு, கேஸ் சிலிண்டருக்கு யாரைப் பார்ப்பது, லோக்கல் ரயிலில் எந்தப் பெட்டியில் ஏறக்கூடாது. குழந்தையிடம் யாராவது தப்பாக நடந்துகொண்டால் எங்கே போவது என்பதை மட்டும் யாரும் சொல்லமாட்டார்கள். கேட்டால், "சங்கத்துல சொல்லுங்க, பெரியவங்க பாத்துக்குவாங்க" என்பார்கள்.

ஊர்க்காரர்கள் சேர்ந்து நடத்தும் அந்தச் சங்கத்தைக் குறைசொல்ல எனக்கு மனசு வராது. ரூம் பிடித்துக் கொடுத்ததும், அப்பா தவறியபோது ஊருக்கு டிக்கெட் எடுத்துத் தந்ததும் அவர்கள்தான். ஆனாலும் இதைச் சொல்லத்தான் வேண்டும். பல வருடம் முன்பு எங்கள் சாலில் (வரிசை வீடுகள் உள்ள குடியிருப்பில்) ஒன்பது வயதுப் பெண் ஒருத்தி, டியூஷன் நேரம் வந்தாலே வயிறு வலிக்கிறது என்று கட்டிலுக்கு அடியில் போய்ப் படுத்துக்கொள்வாள். ஒருநாள் அம்மாவிடம், "சார் கதவைச் சாத்திடுறாரு" என்றாள். பெரியவர்கள் கூடினார்கள். சாரைக் கற்பூரம் அணைத்துச் சத்தியம் செய்ய வைத்து, அபராதமும் போட்டார்கள். "பொம்பளப் புள்ள, வெளிய தெரிஞ்சா யாருக்கு நஷ்டம்?" என்று தாயின் வாயை அடைத்தார்கள். அந்த சார் மூன்று சந்து தள்ளி ரூம் எடுத்து மறுபடி டியூஷன் ஆரம்பித்தார். பெஞ்சுகளைத் தூக்கிக்கொண்டு போனபோது நானும் ஒரு பக்கம் பிடித்தேன்.

குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் போக்சோ சட்டம் அப்போது கிடையாது. 2012 நவம்பர் 14 முதல் இருக்கிறது. 18 வயது நிரம்பாத எந்தப் பிள்ளைக்கும், ஆண் பிள்ளையானாலும், இப்படி நடந்தது தெரிந்தாலோ நடந்துவிடும் என்று பயம் இருந்தாலோ போலீசிடம் சொல்லியே ஆக வேண்டும் என்கிறது அதன் 19ஆம் பிரிவு. டீச்சர், டாக்டர் மட்டுமல்ல, விஷயம் காதில் விழுந்த பக்கத்து வீட்டு அக்காவும்தான். மறைத்தால் 6 மாதம் வரை சிறை, அல்லது அபராதம், அல்லது இரண்டும். தனக்குக் கீழே வேலை செய்பவர் செய்ததை மறைக்கும் நிறுவனப் பொறுப்பாளருக்கு ஒரு வருடம் வரை. நல்லெண்ணத்தில் சொன்னவர் மேல் வழக்குப் போட முடியாது. துருவி விசாரிப்பதும் நிரூபிப்பதும் உங்கள் வேலையில்லை. (18 நிரம்பிய பெண்ணென்றால் கதை வேறு; புகார் கொடுப்பது அவள் முடிவு.)

சங்கத்தில் சொன்னது புகாராகாது. அங்கே பேசி முடித்ததும் செல்லாது. ராஜஸ்தானில் ஒரு ஆசிரியர் மீதான வழக்கு, சிறுமியின் அப்பா சமரசத்துக்கு ஒப்புக்கொண்டார் என்பதால் உயர் நீதிமன்றத்தில் ரத்தானது. 2024 நவம்பரில் உச்ச நீதிமன்றம் அதை ஏற்காமல் வழக்கைத் திரும்ப நடத்தச் சொன்னது.

போன் என்றால் குழந்தைகளுக்கான உதவி எண் 1098, அவசரத்துக்கு 112. எந்த ஸ்டேஷனுக்கும் போகலாம். "எங்க ஏரியா இல்ல" என்று திருப்பி அனுப்பக்கூடாது. பிள்ளையை ஸ்டேஷனுக்கு இழுத்துக்கொண்டு போக வேண்டாம். போலீஸ் வீட்டுக்கே வந்து, யூனிஃபார்ம் இல்லாமல், கூடியவரை பெண் அதிகாரியே கேட்டு எழுத வேண்டும். ராத்திரியில் பிள்ளையை ஸ்டேஷனில் வைத்திருக்கவே கூடாது. சயான் ஆஸ்பத்திரியானாலும் தனியார் ஆனாலும் முதல் சிகிச்சை இலவசம். ஊர் வாட்ஸ்அப் குரூப்பில் பிள்ளையின் பெயரையோ படத்தையோ போட்டீர்களென்றால் அதுவே தனி வழக்காகும்.

எஃப்.ஐ.ஆரை மராத்தியில்தான் எழுதுவார்கள். பிள்ளைக்கு அது புரியாவிட்டால் மொழிபெயர்ப்பாளர் தரவேண்டும் என்று அதே 19ஆம் பிரிவில் இருக்கிறது, கேளுங்கள். உங்களுக்குத் துணையாக சங்கத்துப் பெரியவரைக் கூட்டிப் போகாதீர்கள். இங்கேயே பிறந்து மராத்தியில் படித்த காலேஜ் பெண் ஒருத்தி எந்தச் சந்திலும் இருப்பாள், அவளைக் கூப்பிடுங்கள். முழுவதும் தமிழில் சொல்லக் கேட்டுவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள். நகலை அப்போதே கேட்டு வாங்குங்கள், அதற்குக் காசு கிடையாது.