தேயிலைக் கிடங்கு வாசலில் ஆர்எஃப்ஐடி ஆன்டெனா: மாட்டுவதும் அளப்பதும்

குன்னூர், கோத்தகிரி, மஞ்சூர் பக்கத்துத் தொழிற்சாலைகளில் கிடங்கிலிருந்து லாரிக்குப் போகும் தேயிலைச் சாக்குகளை, அவற்றில் ஒட்டிய டேக் என்னும் சிறு சிப் அட்டைகளை ரேடியோ அலையால் படித்து, வாசலிலேயே ரீடர் எண்ணிவிட வேண்டும், அதுதான் ஆர்எஃப்ஐடியின் வேலை. கதவு 2.4 மீட்டர் அகலம், நான்கு ஆன்டெனா, ஒரு ரீடர் என்று வைத்துக்கொள்வோம். ஆன்டெனாவுக்குள் நாம் திருகிச் சரிசெய்ய எதுவும் கிடையாது; செய்த இடத்திலேயே அலைவரிசைக்கு ஏற்ப அமைத்து, மூடி ஒட்டித்தான் அனுப்புகிறார்கள். நம் கையில் இருப்பவை கேபிள், கனெக்டர், கோணம், பவர், டேக் ஒட்டும் இடம். எண்ணிக்கை விட்டுப்போனால் ரீடரைச் சந்தேகிக்கும் முன் இந்த ஐந்தையும் பாருங்கள்.

வாங்கும்போது ஆன்டெனாவின் பின்பக்க லேபிளைப் படியுங்கள். இந்தியாவில் உரிமம் இல்லாமல் பயன்படுத்த 2005இல் 865 முதல் 867 மெகாஹெர்ட்ஸ் வரை திறந்துவிட்டார்கள். 2021 விதிகளில் அது 868 வரை நீண்டது. டிரான்ஸ்மிட்டர் பவர் 1 வாட், வெளியே பரவும் பவர் 4 வாட் என்பது வரம்பு. அமெரிக்கச் சந்தைக்கான 902–928 ஆன்டெனாவும் பார்வைக்கு அதே வெள்ளைச் சதுரம்தான். விலை குறைவு என்று அதை எடுத்தால் 866இல் பாதி பவர் திரும்பி வரலாம். ரீடரின் நாட்டு அமைப்பும் இந்தியா என்று இருக்க வேண்டும். அமெரிக்கா என்று விட்டுவைத்தால் செல்போன்கள் டவருக்குப் பேசும் அலைவரிசையில் போய் விழும்; அது சட்டமீறல்.

சாக்கு எந்தப் பக்கம் திரும்பி வரும் என்று சொல்ல முடியாததால் வட்ட முனைவாக்கம் (அலை சுழன்றபடி பரவுவது) உள்ள, 8 முதல் 9 டெசிபல் பெருக்கம் தரும் பேனல் ஆன்டெனா போதும். டேக் நேர்கோட்டு முனைவாக்கம் என்பதால் 3 டெசிபல் இழப்பு உண்டு, அதைப் பொறுத்துக்கொள்ளலாம்.

கேபிளும் கனெக்டரும்

பணத்தை மிச்சம் பிடிக்கக் கூடாத இடம் இது. 10 மீட்டர் நீளத்துக்கு 900 மெகாஹெர்ட்ஸ் அருகே எல்எம்ஆர்-400 ஏறக்குறைய 1.3 டெசிபல் தின்னும், எல்எம்ஆர்-240 ஏறக்குறைய 2.5, கடையில் எளிதாகக் கிடைக்கும் ஆர்ஜி-58 சுமார் 5. 3 டெசிபல் போனால் பவர் பாதி. 6 போனால் படிக்கும் தூரம் பாதி. ரீடரை வாசலுக்கு மேலேயே பெட்டியில் வைத்து, நான்கு கேபிளையும் 4 மீட்டருக்குள் முடித்துவிட்டால் எல்எம்ஆர்-240 தாராளமாகப் போதும். தடித்த 400ஐ 25 மில்லிமீட்டர் ஆரத்துக்கும் குறைவாக மடக்காதீர்கள். அழகுக்காகச் சுவர் மூலையில் ஒட்டி மடித்த இடத்தில்தான் உள்ளே நசுங்கும்.

ரீடர் பக்கம் பெரும்பாலும் ஆர்பி-டிஎன்சி, ஆன்டெனா பக்கம் 'என்' (N) வகைக் கனெக்டர் இருக்கும். ஆர்பி-டிஎன்சியும் சாதாரண டிஎன்சியும் ஒரே மரை. இரண்டையும் மாற்றி மாட்டினாலும் சுகமாகத் திருகி ஏறும், இறுகும், ஆனால் நடு ஊசி தொடாது. வெளியே எதுவும் தெரியாது, டேக் மட்டும் படிக்காது. மாட்டும் முன் டார்ச் அடித்து ஊசி எந்தப் பக்கம் என்று பார்த்துவிடுங்கள். பயன்படுத்தாத போர்ட் இருந்தால் மென்பொருளில் அணைத்து, 50 ஓம் டெர்மினேட்டர் (போர்ட்டில் திருகும் மூடி) போடுங்கள்.

மாட்டும் இடம்

பக்கத்துக்கு இரண்டு ஆன்டெனா, தரையிலிருந்து 0.6 மீட்டரிலும் 1.5 மீட்டரிலும். கீழ் ஜோடி தள்ளுவண்டிக்கு, மேல் ஜோடி தோளில் தூக்கி வரும் சாக்குக்கு. ஒரு பேனலின் வீச்சு சுமார் 65 டிகிரி. கதவின் நடுவில், அதாவது 1.2 மீட்டரில், அது ஏறத்தாழ ஒன்றரை மீட்டரை மூடும். இரண்டு பக்கமும் ஏன் வேண்டும் என்றால், மனித உடம்பு முழுக்கத் தண்ணீர். தோளுக்கும் சாக்குக்கும் நடுவே மாட்டிய டேக் அந்தப் பக்கத்து ஆன்டெனாவுக்குத் தெரியவே தெரியாது. எதிரெதிரே இருந்தாலும் மோதல் வராது. ரீடர் ஒரு நேரத்தில் ஒரு போர்ட்டைத்தான் இயக்குகிறது.

பேனல்களை லாரிப் பக்கமாக 20 டிகிரி திருப்பி வையுங்கள், உள்ளே அடுக்கியிருக்கும் சாக்குகளைப் பார்க்காதபடி. பேனலுக்குப் பின்னால் இரும்பு இருந்தால் கவலையில்லை. முன்னாலும் பக்கத்திலும் ஷட்டர் தண்டவாளம், கோண இரும்பு எதுவும் 20 சென்டிமீட்டருக்குள் வரக் கூடாது. சாரலுக்காக ஷட்டரைப் பாதி இறக்கி வைக்கும் வழக்கம் இருந்தால் அந்த நிலையிலும் சோதியுங்கள். தகரம் அலையை அடித்துத் திருப்பி, படிக்கக் கூடாத மூலையைப் படிக்க வைக்கும்.

அளப்பது

ஆன்டெனாவும் கேபிளும் எவ்வளவு அலையைத் திருப்பி அனுப்புகின்றன என்று காட்டும் கையடக்கக் கருவியான நானோவிஎன்ஏ ஒன்று போதும். 300 மெகாஹெர்ட்ஸுக்கு மேல் அதன் துல்லியம் குறையும், ஆனால் சரியா தவறா என்று சொல்லிவிடும். சோதனைக் கேபிளின் நுனியில் ஓபன், ஷார்ட், லோடு என்ற மூன்று அளவுதிருத்த மூடிகளையும் ஒவ்வொன்றாகப் போட்டு அளவுதிருத்தம் செய்து, 860 முதல் 870 வரை ஓட்டுங்கள். முதலில் ஆன்டெனாவை நேரடியாக அளக்க வேண்டும்: விஎஸ்டபிள்யூஆர் (அலை திரும்பி வருவதன் அளவு; 1 என்றால் எதுவும் திரும்பவில்லை) 1.5க்குள் நல்லது, 2ஐத் தாண்டினால் மாற்றுங்கள். பிறகு கேபிளோடு ரீடர் பக்கத்திலிருந்து அளந்து இரண்டையும் எழுதி வையுங்கள்.

கேபிள் பக்கத்திலிருந்து மட்டும் அளந்து ஏமாறுபவர்கள் அதிகம். 5 டெசிபல் தின்னும் கேபிளின் மறுமுனையில் ஆன்டெனாவே இல்லாவிட்டாலும், போன அலை 5 இழந்து, திரும்பும்போது இன்னொரு 5 இழந்து, 10 டெசிபல் ரிட்டர்ன் லாஸ் (திரும்பி வரும் அலை எவ்வளவு குறைந்திருக்கிறது என்பது) காட்டும். அதாவது விஎஸ்டபிள்யூஆர் 1.9! மோசமான கேபிள், மோசமான ஆன்டெனாவை நல்லதாகக் காட்டுகிறது.

சாக்கு

தேயிலைத் தாள் சாக்குகளின் அடுக்குகளுக்குள் ஈரம் புகாமலிருக்க அலுமினியத் தாள் வைப்பதுண்டு. சாதாரண ஸ்டிக்கர் டேக்கை அதன்மேல் நேரே ஒட்டினால் செத்த மாதிரி இருக்கும். உலோகம் டேக்கின் அதிர்வெண்ணை இழுத்துவிடுகிறது. உத்தமமான இடைவெளி கால் அலைநீளம், அதாவது 86 மில்லிமீட்டர், ஆனால் அவ்வளவு யாரும் தூக்கி ஒட்ட மாட்டார்கள். வழி இரண்டு: மேல் தையலில் டேக்கைக் கொடி போல வெளியே நீட்டித் தைப்பது, அல்லது பஞ்சு நுரை அடி உள்ள, உலோகத்துக்கென்றே வரும் டேக். முதலாவது மலிவு, ஆனால் சாக்கு உரசும்போது மடிந்துவிடும். தையலின் நடுவில் தையுங்கள், மூலையில் வேண்டாம். காலி சாக்கில் சோதித்து முடிவெடுக்காதீர்கள். நிரப்பி, தைத்து, அடுக்கிய பிறகே சோதனை.

கணக்குப்படி எவ்வளவு கையிருப்பு? ரீடர் 30 டிபிஎம் (டெசிபலில் சொல்லும் பவர்; 30 என்றால் 1 வாட்), கேபிள் இழப்பு 1, ஆன்டெனா 8.5, முனைவாக்க இழப்பு 3 என்றால் 34.5. 3 மீட்டரில் காற்றில் 41 போகும். டேக்கின் ஆன்டெனா 2 தந்தால் அதிலுள்ள சிப்புக்கு மைனஸ் 4.5 டிபிஎம் கிடைக்கும். சிப்புக்கு மைனஸ் 18 போதும் என்றால் 13.5 டெசிபல் மிச்சம். அலுமினியத் தாளும் ஆள் உடம்பும் அந்த மிச்சத்தைத்தான் தின்கின்றன.

பவரை அதிகபட்சத்தில் தொடங்காதீர்கள். 20 டிபிஎம்மில் வைத்து, பத்துச் சாக்கைப் பத்து முறை கொண்டுபோய், விட்டுப்போவதை எண்ணி, ஒவ்வொரு டெசிபலாக ஏற்றுங்கள். நூறும் பதிவாகிய இடத்தில் இன்னும் 2 கூட்டி நிறுத்துங்கள். அப்போது உள்ளே 3 மீட்டர் தள்ளி அடுக்கிய சாக்குகள் பதிவாகின்றனவா என்று பாருங்கள். பதிவானால் முதலில் கோணத்தைத் திருத்துங்கள், பிறகு அடுக்குக்கும் பேனலுக்கும் நடுவே 12 மில்லிமீட்டர் கண்ணுள்ள வெல்டு வலை, கடைசியாகத்தான் பவரைக் குறைப்பது. ரீடர் மென்பொருளில் செஷன் (டேக் பதில் சொன்னபின் எவ்வளவு நேரம் அமைதியாக இருக்கும் என்ற அமைப்பு) என்பதை எஸ்2 என்று வையுங்கள். அலை படும் இடத்தில் நிற்கும் டேக் ஒருமுறை பதில் சொல்லிவிட்டு அமைதியாக இருக்கும், புதிதாக வருபவற்றுக்கு இடம் கிடைக்கும்.

ஈரம்

மூடுபனி எல்லா இடுக்கிலும் நுழையும். கூடலூர், பந்தலூரில் தென்மேற்குப் பருவமழை, குன்னூர், கோத்தகிரியில் வடகிழக்கு. இரண்டிலும் கனெக்டருக்குள் தண்ணீர் போய், கேபிளின் பின்னல் கம்பி வழியே ஏறும். நடுப்பகலில் சரியாகவும் விடியற்காலையில் மோசமாகவும் அளவு காட்டினால் அதுதான். கனெக்டரைக் கையால் இறுக்கி, தானே ஒட்டும் ரப்பர் டேப்பை இழுத்துக் கீழிருந்து மேலாகச் சுற்றுங்கள், ஓடு வேய்வது போல மேல் சுற்று கீழ்ச் சுற்றை மூட வேண்டும். அதன்மேல் கறுப்பு டேப். கேபிள் பெட்டிக்குள் நுழையும் முன் ஒரு தொய்வு விடுங்கள், சொட்டு அங்கேயே விழும். பெட்டியின் அடியில் 5 மில்லிமீட்டர் துளை போட்டு, பூச்சி வராத வலை வையுங்கள். முழுக்க அடைத்த பெட்டிக்குள் இரவுக் குளிரில் நீர் வியர்க்கும். குரங்கு வரும் இடமென்றால் கேபிளைக் குழாய்க்குள் போடுங்கள். தொங்கும் கேபிளைக் குரங்கு சும்மா விடாது.

அளவுத்தாளைப் பெட்டிக் கதவின் உட்புறம் ஒட்டி, மழை முடிந்ததும் காலை ஏழு மணிக்கு ஒருமுறை, பிற்பகல் ஒருமுறை மறுபடி அளந்து பக்கத்தில் எழுதுங்கள்.