வடசென்னையில் குடும்பத்தோடு ஒரு நாள்: எதை எப்போது பார்ப்பது, எங்கே சாப்பிடுவது

மலையூர்களில் ஏற்ற இறக்கத்தைப் பார்த்து நாளைத் திட்டமிட வேண்டும். சமதளமான வடசென்னையிலோ வெயிலும் கோயில் நடை சாத்தும் நேரமும்தான் அதைத் தீர்மானிக்கின்றன. ஆகவே, முதியவர்களும் குழந்தைகளும் உள்ள குடும்பம் காலையில் திருவொற்றியூரில் தொடங்கி, தெற்கு நோக்கி நகர்ந்து, மாலையில் கடற்கரை ரயில் நிலையத்தருகே முடித்துக்கொள்வது நல்லது.

2021 பிப்ரவரியில் மெட்ரோ விம்கோ நகர் வரை நீட்டிக்கப்பட்டதால் இந்தப் பயணம் மிகவும் எளிதாகிவிட்டது. தேரடி நிலையத்தில் இறங்கினால் தியாகராஜ சுவாமி கோயிலுக்கு நடந்தே செல்லலாம். ஆண்டு முழுவதும் கவசத்தோடு அங்கே காட்சி தரும் சிவபெருமான் ஆதிபுரீஸ்வரருக்கு, கார்த்திகைப் பௌர்ணமியையொட்டிய மூன்று நாட்களில் மட்டும் கவசம் களையப்படும் என்பதால் அப்போது கூட்டம் மிகுதியாக இருக்கும். கைக்குழந்தையோடு வருபவர்கள் வேறு நாளைத் தேர்ந்தெடுக்கலாம். மனைவி சங்கிலியாரைப் பிரியமாட்டேன் என்று சுந்தரர் மகிழ மரத்தடியில் சத்தியம் செய்து, பிறகு அதை மீறிக் கண்பார்வை இழந்த கதையைப் பிள்ளைகளுக்கு அங்கேயே சொல்லுங்கள். கடலோரத்தில் உள்ள பட்டினத்தார் சமாதிக்கு ஆட்டோவில் போய்விட்டுத் திரும்பலாம்.

காசிமேட்டு மீன் ஏலத்தையும் பார்க்க விரும்புவோர் விடிவதற்கு முன்பே அங்கே இருக்க வேண்டும். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகுகளுக்குத் தடைக்காலம் என்பதால் அப்போது போய்ப் பயனில்லை. மீன் வாங்கும் எண்ணம் இருந்தால் அதைத் தனியாக ஒரு நாளுக்கு வைத்துக்கொள்ளுங்கள். பையில் வஞ்சிரத்தோடு கோயிலுக்குள் போக முடியாது.

உச்சி வெயிலுக்கு முன்பே மெட்ரோவில் மண்ணடிக்கு வந்து, அங்கிருந்து சௌகார்பேட்டைக்கு ஆட்டோ பிடிக்கலாம். மதியம் அங்கே வடநாட்டுத் தாலி சாப்பிடுங்கள். ஆனால் வயிற்றை முழுதாக நிரப்பிக்கொள்ள வேண்டாம். முறுக்குக்கு நடுவே வெள்ளரியும் தக்காளியும் வைத்துப் பச்சைச் சட்னி தடவித் தரும் முறுக்கு சாண்ட்விச்சுக்கும், சூடான ஜிலேபிக்கும் இடம் வேண்டும். மாலையில் நடை திறந்ததும் அருகிலுள்ள கந்தகோட்டத்துக்குப் போகலாம். இம்முருகனைப் பாடிய வள்ளலார், வடிவுடையம்மனை வணங்க இப்பகுதியிலிருந்து திருவொற்றியூருக்கு நடந்தே சென்றுவந்தார் என்பார்கள். காலையில் மெட்ரோவில் வந்த தூரம் அது.

ஐந்து மணியளவில் ராயபுரம் நிலையத்துக்குச் செல்லுங்கள். தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயில் 1856இல் இங்கிருந்துதான் வாலாஜா ரோடுக்குப் புறப்பட்டது. தூண்கள் வரிசையாக நிற்கும் முகப்பைப் பார்த்துவிட்டு மின்சார ரயில் ஏறினால் அடுத்த நிறுத்தமே கடற்கரை. ரயில்கள் அடிக்கடி வருவதில்லை. நேர அட்டவணையை முன்பே பார்த்துக்கொள்ளுங்கள்.

கடற்கரை நிலையத்துக்கு எதிரேயுள்ள அத்தோ (பர்மிய நூடுல்ஸ்) கடைகள், 1960களில் பர்மாவிலிருந்து திரும்பிய தமிழர்கள் கொண்டுவந்த ருசிக்குப் பெயர் பெற்றவை. நூடுல்ஸோடு முட்டைக்கோஸ், பொரித்த வெங்காயம், புளிக்கரைசல், மிளகாய்த்தூள் சேர்த்துக் கையாலேயே பிசைந்து தருவார்கள். குழந்தைகளுக்குக் காரத்தைக் குறைக்க வேண்டுமென்றால் பிசையத் தொடங்கும் முன்பே சொல்லிவிட வேண்டும். வாழைத்தண்டு சூப்பும், கீறிய அவித்த முட்டைக்குள் பொரித்த வெங்காயத்தை அடைத்துத் தரும் மசாலா முட்டையும் வாங்கிக்கொள்ளுங்கள். தாம்பரம் பக்கம் போகிறவர்களுக்கு எதிரிலேயே ரயில் கிடைக்கும். மற்றவர்கள் உயர் நீதிமன்றம் மெட்ரோ நிலையத்துக்குச் செல்லலாம்.