காலையில் ஏற்காடு, மாலையில் தட்டு வடை: சேலத்தில் ஒரு நாள்

சேலத்துக்கு ஒரே ஒரு நாள்தான் கிடைக்கிறது என்றால், விடிந்ததும் ஏற்காடு ஏறி, மூன்று மணிக்குள் இறங்கி, மாலைப் பொழுதைச் சேலம் தெருக்களுக்கு வைத்துக்கொள்ளுங்கள். பலர் இதைத் தலைகீழாகச் செய்கிறார்கள். காலையில், சேலத்தின் பெயர்பெற்ற தெருத் தீனியான தட்டு வடை செட் தேடிப் போனால் பெரும்பாலான கடைகள் பூட்டியிருக்கும். தள்ளுவண்டிகள் வந்து நின்று காய் சீவத் தொடங்குவது மாலையில்தான். பிற்பகலில் மலை ஏறினாலோ, ஏற்காட்டின் காட்சி முனையான பகோடா பாயிண்டில் பனிமூட்டத்தைத் தவிர வேறொன்றும் தெரியாமல் போகலாம்.

சென்னையிலிருந்து வருபவர்களுக்கு இரவு ரயிலான ஏற்காடு எக்ஸ்பிரஸ் வசதி. விடியற்காலையில் சேலம் ஜங்ஷனில் இறக்கிவிடும். ஜங்ஷன் இருப்பது சூரமங்கலத்தில். ஏற்காடு பஸ் பிடிக்கப் புதிய பஸ் ஸ்டாண்டுக்குப் போக வேண்டும். ஆட்டோவில் வெறுமனே ‘பஸ் ஸ்டாண்ட்’ என்று சொல்லாதீர்கள். பழைய பஸ் ஸ்டாண்ட் டவுன் பஸ்களுக்கானது, கடைவீதிப் பக்கம் இருக்கிறது. இரண்டும் வேறு வேறு திசை.

காலை உணவு மூன்று இட்லியோடு நிற்கட்டும். பூரி, பொங்கல், நெய் ரோஸ்ட் எல்லாம் வேண்டாம். அடிவாரத்திலிருந்து மேலே 20 கொண்டை ஊசி வளைவுகள். எண்ணெய்ப் பதார்த்தம் வயிற்றில் கிடக்க, பஸ்ஸின் பின்சீட்டில் உட்கார்ந்து போனைப் பார்த்துக்கொண்டே போனால் எட்டாவது வளைவுக்குள் குமட்டும். கண் அசையாத திரையைப் பார்க்க, உடம்பு திரும்பிக்கொண்டே இருப்பதுதான் காரணம். முன்பக்கம் உட்கார்ந்து, எதிரே வரும் சாலையைப் பாருங்கள். வழக்கமாக வாந்தி வருபவர்கள் மாத்திரையைக் கிளம்புவதற்கு அரை மணி நேரம் முன்பே போட்டுக்கொள்ள வேண்டும். வளைவு தொடங்கிய பிறகு போட்டால் பயனில்லை.

சேலத்திலிருந்து ஏற்காடு ஏறக்குறைய 30 கிலோமீட்டர். அஸ்தம்பட்டி, கோரிமேடு, அடிவாரம் என்று வழி. போகிற வழியில் மாடர்ன் தியேட்டர்ஸ் என்ற அந்தக் கால சினிமா ஸ்டுடியோவின் பழைய முகப்பு வளைவு நிற்கிறது. சினிமா பிடித்தவர்கள் கண்ணைத் திறந்து வைத்திருங்கள்.

சொந்த வண்டியில் வருபவர்கள் சேலத்திலேயே பெட்ரோல் போட்டுக்கொள்ளுங்கள். வளைவில் ஏறும் வண்டிக்கு வழி விடுவதுதான் முறை, இறங்குபவர் நின்று கொடுக்க வேண்டும். ஏறுவதைவிட இறங்குவதில்தான் ஆபத்து. பிரேக்கை மிதித்தபடியே இறங்கினால் அது சூடேறிப் பிடிப்பை இழக்கும், கீழ் வளைவுகளுக்கு வரும்போது மிதித்தாலும் வண்டி நிற்காது. ஏறிய கியரிலேயே, அதாவது இரண்டாவது கியரில், இன்ஜின் இழுத்துப் பிடிக்க இறங்குங்கள். கியர் இல்லாத ஸ்கூட்டரில் இன்ஜினின் பிடி குறைவு, முழுப் பாரமும் பிரேக்கின் மேல் விழும். இரண்டு பேர் உட்கார்ந்து ஸ்கூட்டரில் இறங்குவதாக இருந்தால் சில வளைவுகளுக்கு ஒருமுறை ஓரமாக நிறுத்தி ஆறவிட்டுத்தான் இறங்க வேண்டும். அதைவிட பஸ் மேல். கோடை விழா நாட்களிலும், மழையில் மண் சரிந்த நாட்களிலும் குப்பனூர் வழியாகத் திருப்பிவிடுவது உண்டு. கிளம்பும் முன் விசாரித்துக்கொள்ளுங்கள்.

மேலே போனதும் எல்லோரும் ஏரிக்கு ஓடுவார்கள், பஸ் இறக்கிவிடுவது அதன் பக்கத்தில் என்பதால். நீங்கள் ஏரியைக் கடைசிக்கு வையுங்கள். முதலில் தூரத்து இடங்கள்: சேர்வராயன் கோயில், அடுத்து பகோடா பாயிண்ட், பிறகு லேடீஸ் சீட். ஆட்டோவோ வாடகை வண்டியோ பேசும்போது ‘எல்லா இடமும்’ என்று பேசாமல், இந்த மூன்று பெயரையும் சொல்லி, ஒவ்வொரு இடத்திலும் எவ்வளவு நேரம் நிற்க வேண்டும் என்பதையும் சேர்த்துத் தொகை பேசி முடியுங்கள். சேர்வராயன் கோயில் மலையின் உச்சியில், 5,326 அடி உயரத்தில், குகைக்குள் இருக்கிறது. தலை குனிந்துதான் போக வேண்டும், உள்ளே தரை ஈரமாக இருக்கும், முழங்கால் வலி உள்ளவர்கள் பார்த்துப் போங்கள். கிளியூர் நீர்வீழ்ச்சி மழைக்காலத்துக்குப் பிறகு அழகு. ஏப்ரல், மே மாதத்தில் அவ்வளவு படி இறங்கினால் வெறும் பாறையைப் பார்த்துவிட்டு ஏற வேண்டியிருக்கும்.

ஏரிக்கரையில் மிளகாய் பஜ்ஜி சாப்பிடுங்கள், ஆனால் கண்ணெதிரே சட்டியில் போட்டு எடுத்ததை மட்டும். அடுக்கி வைத்திருப்பது குளிரில் சீக்கிரம் தொய்ந்துவிடும். மதியச் சாப்பாட்டை மலையில் சுருக்கமாக முடித்துக்கொள்வது நல்லது, மாலைக்கு வயிற்றில் இடம் வேண்டும். கறிச் சாப்பாடுதான் முக்கியம் என்பவர்கள் ஒரு மணிக்கே இறங்கி, சேலத்தில் நல்ல மெஸ் ஒன்றைப் பிடியுங்கள். மூன்று மணிக்கு மேல் போனால் குழம்பு இருக்கும், கறி தீர்ந்திருக்கும்.

ஏற்காட்டில் வாங்க வேண்டியது காப்பித்தூளும் மிளகும். 1820களில் சேலம் கலெக்டராக இருந்த காக்பர்ன் காலத்தில் இந்த மலைக்கு வந்த பயிர் காப்பி. சிக்கரி எத்தனை பங்கு என்று கேட்டு வாங்குங்கள். பித்தளை ஃபில்டருக்கு என்று சொல்லி அரைக்கச் சொன்னால் சரியான பதத்தில் கிடைக்கும், மிக நைசாக அரைத்தால் டிகாக்ஷன் இறங்காமல் நின்றுவிடும்.

இனி, வந்த காரியம். சேலத்தின் பகுதிகளான அம்மாபேட்டை, பொன்னம்மாபேட்டை, குகை, செவ்வாய்ப்பேட்டை: எந்தப் பக்கம் போனாலும் மாலையில் தட்டு வடைக் கடை இருக்கும். கூட்டம் உள்ள கடையில் நில்லுங்கள். அங்கேதான் காய் அப்போதைக்கப்போது சீவப்படும், சட்னி தேங்காது.

செட் என்பது இதுதான்: உள்ளங்கைக்குள் அடங்கும் மொறுமொறு தட்டு வடை ஒன்று, அதன்மேல் சட்னி, சீவிய கேரட், பீட்ரூட், பொடியாக அரிந்த வெங்காயம், மேலே மூடியாக இன்னொரு தட்டு வடை. சட்னி இரண்டு வகை: கொத்தமல்லி, புதினா, பச்சை மிளகாய் அரைத்த பச்சை, காய்ந்த மிளகாயும் பூண்டும் அரைத்த சிவப்பு. சிவப்புதான் உறைப்பு. குழந்தைகளுக்குப் ‘பச்சை மட்டும்’ என்று சொல்லுங்கள். ஒரு தட்டில் எத்தனை செட் என்பது கடைக்குக் கடை மாறும், கேட்டுக்கொண்டு சொல்லுங்கள். வந்ததும் முழுதாக வாயில் போட வேண்டும். கடித்தால் காய் பாதி சட்டையில் விழும். போட்டோ எடுக்கத் தாமதித்தால் பீட்ரூட்டின் சாறும் சட்னியின் நீரும் இறங்கி அடி வடை நமத்துப் போகும்.

முதல் தட்டு சாதாரண செட், அடுத்தது நொறுக்கல். அதே தட்டு வடையை நொறுக்கி, காயும் சட்னியும் போட்டுக் கிளறித் தருவது. சீசனில் மாங்காய் செட் கிடைத்தால் விடாதீர்கள். முட்டை செட், முறுக்கு செட்டும் உண்டு. ஒரே கடையில் வயிற்றை நிரப்பாமல், கடைக்கு ஒரு தட்டாக இரண்டு மூன்று கடை பாருங்கள். சட்னியின் கைப்பக்குவம் ஒவ்வொரு கடையிலும் வேறு.

மே, ஜூன் என்றால் மாம்பழம் வாங்காமல் ஊரைவிட்டுப் போகக் கூடாது. மல்கோவாவைக் காம்படியில் முகர்ந்து வாங்குங்கள். தோல் முழுக்க ஒரே மஞ்சளாக இருந்து மணமே இல்லாவிட்டால் அது கார்பைடு கல் வைத்துப் பழுக்க வைத்தது, உள்ளே புளிக்கும்.

செட்டைப் பார்சல் கட்டாதீர்கள், ரயில் ஏறும் முன்பே கூழாகிவிடும். தட்டு வடையை மட்டும் பாக்கெட்டாக வாங்கிக்கொண்டு, திரும்பும் ஏற்காடு எக்ஸ்பிரஸ் இரவு பத்து மணி வாக்கில் என்பதால், ஒன்பது மணிக்குள் ஜங்ஷன் பக்கம் வந்துவிடுங்கள்.

வாங்கி வந்த தட்டு வடையில் வீட்டிலேயே செட் போடலாம். 40 தட்டு வடைக்கு, அதாவது 20 செட்டுக்கு, இரண்டு கேரட், ஒரு சிறிய பீட்ரூட், இரண்டு பெரிய வெங்காயம் போதும். பச்சைச் சட்னிக்கு ஒரு கட்டு கொத்தமல்லி, அதில் பாதி புதினா, நான்கு பச்சை மிளகாய், அரை எலுமிச்சை. சிவப்புக்கு எட்டு காய்ந்த மிளகாயை வெந்நீரில் ஊறவைத்து, ஆறு பல் பூண்டு, சிறு புளித் துண்டு. இரண்டுக்கும் உப்புப் போட்டு, தண்ணீர் தெளித்துத் தெளித்துக் கெட்டியாக அரையுங்கள், ஊற்றினால் வடை தாங்காது. சீவிய காயில் மட்டும் உப்புச் சேர்க்காதீர்கள், நீர் விட்டுவிடும்.