லினக்ஸ் கற்க எந்தப் புத்தகம்? வாங்கும் முன் செய்ய வேண்டிய சோதனைகள்

விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு முடிந்துவிட்டது. டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்புச் சிப் இல்லாத பழைய கணினிகளை மைக்ரோசாஃப்ட் விண்டோஸ் 11-க்கு ஏற்பதில்லை. நன்றாக ஓடிக்கொண்டிருக்கும் கணினியைத் தூக்கிப்போட மனமில்லாதவர்கள், விண்டோஸுக்குப் பதிலாக நிறுவக்கூடிய லினக்ஸ் இயங்குதளத்தின் வகைகளான லினக்ஸ் மின்ட், உபுண்டு என்று தேடத் தொடங்குகிறார்கள். கையோடு ஒரு வழிகாட்டிப் புத்தகத்தையும் தேடுகிறார்கள். அங்கேதான் பலரும் சறுக்குகிறார்கள்.

நல்ல பெயர் எடுத்த புத்தகம் என்பது மட்டும் போதாது. அது உங்கள் கணினியில் இருக்கும் லினக்ஸோடு பொருந்த வேண்டும். பொருந்தாத புத்தகத்தை வைத்துக்கொண்டு கற்கும் புதியவர், கட்டளை வேலை செய்யாதபோது தவறு தன்னுடையது என்றே நினைப்பார். நாலு முறை அப்படி நடந்தால் விண்டோஸுக்கே திரும்பிவிடுவார். இதைத் தவிர்க்கக் கீழே உள்ள சோதனைகளுக்கு ஒரு மாலைப்பொழுது போதும்.

1. முதலில் உங்கள் கணினியை எழுதி வையுங்கள்

ஒரு தாளில் நான்கு விவரங்கள் வேண்டும்: எந்த லினக்ஸ், அதன் பதிப்பு எண், எந்த டெஸ்க்டாப் (திரையின் தோற்றத்தையும் மெனுக்களையும் தரும் பகுதி), கணினி துவங்கும் முறை.

மின்ட் ஏற்கெனவே நிறுவியிருந்தால் மெனுவில் சிஸ்டம் இன்ஃபர்மேஷன் என்று தேடுங்கள். பதிப்பு எண்ணும் டெஸ்க்டாப் பெயரும் அங்கே இருக்கும். உபுண்டுவில் செட்டிங்ஸுக்குள் அபவுட் பகுதியில் கிடைக்கும். இன்னும் விண்டோஸில்தான் இருக்கிறீர்கள் என்றால், ஸ்டார்ட் மெனுவில் அதே சிஸ்டம் இன்ஃபர்மேஷனைத் திறந்து பயாஸ் மோட் என்ற வரியைப் பாருங்கள். யுஇஎஃப்ஐ (புதிய துவக்க முறை) அல்லது லெகசி (பழைய முறை) என்று இருக்கும். நிறுவும் அத்தியாயம் உங்களுக்குப் பயன்படுமா என்பதை இந்த ஒரு சொல் தீர்மானிக்கும்.

இன்னும் எதையும் தேர்ந்தெடுக்கவில்லையா? உபுண்டுவின் நீண்டகால ஆதரவுப் பதிப்பையோ, அதன்மேல் கட்டப்பட்ட மின்ட்டையோ எடுங்கள். உபுண்டு எண்ணிலேயே காலம் இருக்கிறது, 24.04 என்றால் 2024 ஏப்ரல். இத்தகைய பதிப்புகள் இரண்டாண்டுக்கு ஒருமுறை வரும். ஐந்தாண்டு ஆதரவு உண்டு. மின்ட் 22 இந்த 24.04-இன் மேல் எழுந்தது. இடையில் வரும் உபுண்டு பதிப்புகளுக்கு ஆதரவு 9 மாதம்தான், ஃபெடோராவின் ஒவ்வொரு பதிப்புக்கும் ஏறத்தாழ 13 மாதம். இவற்றுக்கென்று எழுதப்பட்ட அச்சுப் புத்தகம் கடைக்கு வரும்போதே பாதி ஆயுளைக் கடந்திருக்கும்.

2. உங்களுக்குத் தேவையான பத்து வேலைகள்

அதே தாளின் பின்பக்கம், முதல் மாதத்தில் நீங்கள் செய்யப்போகும் வேலைகளை எழுதுங்கள். வைஃபை இணைப்பது, பிரிண்டரைச் சேர்ப்பது, மென்பொருள் நிறுவுவது, நீக்குவது, பழைய வேர்டு கோப்புகளைத் திறப்பது, படங்களை நகலெடுத்துக் காப்பது, பென்டிரைவைப் பாதுகாப்பாகக் கழற்றுவது, புதுப்பிப்புகளை ஏற்றுவது, கணினி துவங்காவிட்டால் என்ன செய்வது, தமிழில் தட்டச்சு செய்வது. புத்தகத்தின் பொருளடக்கத்தில் இவற்றில் குறைந்தது ஏழு இருக்க வேண்டும்.

தமிழ்த் தட்டச்சு மட்டும் பெரும்பாலும் இருக்காது. ஆங்கிலத்தில் உலக வாசகருக்காக எழுதப்பட்ட புத்தகத்தில் தமிழ்99 வராது. அதற்காக நல்ல புத்தகத்தை ஒதுக்காதீர்கள். ஐபஸ் உள்ளீட்டு முறையோடு எம்17என் தொகுப்பைச் சேர்த்தால் தமிழ்99 கிடைக்கும் என்பதைத் தாளிலேயே குறித்துக்கொள்ளுங்கள்.

டெஸ்க்டாப் பயன்படுத்தவே கற்க வேண்டியவர் சர்வர் நிர்வாகப் புத்தகத்தையோ, எல்பிஐசி போன்ற சான்றிதழ்த் தேர்வுக்கான புத்தகத்தையோ வாங்க வேண்டாம். தேர்வுப் புத்தகம் பாடத்திட்டத்தின் வரிசையில் போகும், உங்கள் தேவையின் வரிசையில் போகாது. மூன்றாவது அத்தியாயத்திலேயே வட்டுப் பகுப்பும் கர்னல் மாட்யூலும் வந்து நிற்கும்.

3. உரிமைப் பக்கத்தைப் படியுங்கள்

அட்டையில் இருக்கும் ஆண்டை நம்பாதீர்கள். தலைப்புப் பக்கத்துக்குப் பின்னால் இருக்கும் உரிமைப் பக்கத்தில் இரண்டு ஆண்டுகள் இருக்கக்கூடும்: பதிப்புரிமை ஆண்டு, மறுஅச்சு ஆண்டு. நம் கடைகளில் கிடைக்கும் மலிவு விலை இந்திய மறுஅச்சுகளில் இதைக் கட்டாயம் பாருங்கள். 2022-இல் அச்சடித்த நூலின் உள்ளடக்கம் 2014-இல் எழுதப்பட்டதாக இருக்கலாம். கணக்கில் கொள்ள வேண்டியது பதிப்புரிமை ஆண்டு. அதிலும் கடைசிப் பதிப்பின் ஆண்டு. இணையத்தில் வாங்கும்போது மாதிரிப் பக்கங்களில் இந்தப் பக்கம் பெரும்பாலும் காட்டப்படும். காட்டாவிட்டால் ஐஎஸ்பிஎன் எண்ணை வைத்துப் பதிப்பகத்தின் தளத்தில் தேடலாம். அங்கேயே பிழைத்திருத்தப் பட்டியல் இருக்கிறதா என்றும் பாருங்கள். பட்டியல் நீளமாக இருந்தால் தயங்க வேண்டாம். யாரோ அந்தப் புத்தகத்தைக் கவனித்துத் திருத்தி வருகிறார்கள் என்று பொருள்.

4. பழசானது எது, பழசாகாதது எது

"ஐந்து வருடத்துக்கு மேற்பட்ட கணினிப் புத்தகம் வேண்டாம்" என்று பொதுவாகச் சொல்வார்கள். லினக்ஸில் அது பாதி உண்மைதான்.

கோப்புகளைப் பட்டியலிடும் எல்எஸ், நகலெடுக்கும் சிபி, நகர்த்தும் எம்வி, அழிக்கும் ஆர்எம், தேடும் கிரெப், அனுமதிகளை மாற்றும் சிஎச்மோட் ஆகியவை யுனிக்ஸ் காலத்திலிருந்து வருபவை. 2012-இல் இவற்றைப் பற்றி எழுதியது இன்றும் அப்படியே ஓடும். ஆகவே டெர்மினலில், அதாவது கட்டளை தட்டும் சன்னலில், பயன்படும் கட்டளைகளை மட்டும் கற்பிக்கும் நல்ல புத்தகம் பழையதாக இருந்தாலும் தாராளமாக வாங்கலாம். பழைய புத்தகக் கடையில் கிடைத்தால் இன்னும் நல்லது.

டெஸ்க்டாப், நிறுவுதல், மென்பொருள் மேலாண்மை, சேவைகள் பற்றிய அத்தியாயங்கள்தான் சீக்கிரம் காலாவதியாகும். அவற்றைக் கண்டுபிடிக்கப் புத்தகத்தின் பின்னால் உள்ள சொல்லடைவைத் திறந்து சில சொற்களைத் தேடுங்கள்.

பின்னணியில் ஓடும் சேவைகளை நிர்வகிக்கும் சிஸ்டம்டி அல்லது அதன் கட்டளையான சிஸ்டம்சிடிஎல் என்ற சொல் இருக்கிறதா? டெபியனும் உபுண்டுவும் 2015-இல் சிஸ்டம்டிக்கு மாறின. அது இல்லாத புத்தகத்தில் சேவைகளைத் தொடங்குவது, நிறுத்துவது பற்றிய அத்தியாயத்தை நம்ப முடியாது.

பிணைய முகவரி பார்க்க ஐஎஃப்கான்ஃபிக் மட்டும் இருக்கிறதா, ஐபி கட்டளையும் இருக்கிறதா? உபுண்டு 18.04 முதல் ஐஎஃப்கான்ஃபிக் இயல்பாக நிறுவப்பட்டு வருவதில்லை. தட்டினால் கட்டளை காணவில்லை என்ற செய்திதான் வரும்.

நிர்வாகி உரிமையோடு நிரல்களைத் திறக்கப் பயன்பட்ட ஜிகேசூடோ என்று இருந்தால் புத்தகம் மிகப் பழையது, 18.04-இலேயே அது நீக்கப்பட்டுவிட்டது. பைத்தானை வெறும் 'பைத்தான்' என்று தட்டி இயக்கச் சொன்னாலும் கவனம் தேவை. உபுண்டு 20.04 முதல் 'பைத்தான்3' என்றுதான் தட்ட வேண்டும். ஆனால் மென்பொருள் நிறுவும் கட்டளை ஆப்ட்-கெட் என்று இருப்பதைப் பார்த்துப் புத்தகத்தை மூடிவிடாதீர்கள். புதிய புத்தகங்கள் ஆப்ட் என்று சுருக்கமாக எழுதும். பழையதும் இன்றுவரை வேலை செய்கிறது.

படங்களையும் பாருங்கள். உபுண்டுவின் பழைய யூனிட்டி டெஸ்க்டாப்பிலும் இன்றைய க்னோமிலும் திரையின் இடப்பக்கம் ஐகான் பட்டை இருப்பதால், புதியவருக்கு இரண்டும் ஒன்றுபோலவே தெரியும். வேறுபாடு சன்னலின் மூடும் பொத்தானில் இருக்கிறது. அது இடது மூலையில் இருந்தால் படம் 17.10-க்கு முந்தையது, மெனு வழியாகச் சொல்லும் வழிமுறைகள் எதுவும் பொருந்தாது.

5. குடும்பம் பொருந்த வேண்டும்

டெபியன், உபுண்டு, மின்ட் ஒரு குடும்பம்: ஆப்ட் கட்டளை, டெப் தொகுப்புகள். ரெட் ஹேட், ஃபெடோரா, ராக்கி வேறு குடும்பம்: டிஎன்எஃப், ஆர்பிஎம். ஆர்ச் தனி. புத்தகம் உங்கள் குடும்பத்தைச் சேர்ந்ததாக இருக்கட்டும். சென்ட்ஓஎஸ் பற்றிய புத்தகங்கள் இன்னும் மலிவாகக் கிடைக்கின்றன. சென்ட்ஓஎஸ் லினக்ஸ் 8-இன் ஆதரவு 2021 இறுதியிலும் 7-இன் ஆதரவு 2024 ஜூனிலும் முடிந்துவிட்டன; வாங்காதீர்கள்.

ஒரே குடும்பத்துக்குள்ளும் ஒரு முள் உண்டு. உபுண்டு புத்தகங்கள் ஸ்னாப் என்ற தொகுப்பு முறை வழியாக மென்பொருள் நிறுவச் சொல்லும். மின்ட் தன் 20-ஆம் பதிப்பிலிருந்து ஸ்னாப்பை இயல்பாகத் தடுத்து வைத்திருக்கிறது. மின்ட் வைத்திருப்பவர் உபுண்டு புத்தகம் வாங்கினால் அந்தப் பகுதியைத் தாண்டிவிட்டு, மின்ட்டின் சாஃப்ட்வேர் மேனேஜரிலேயே நிறுவிக்கொள்ளலாம்.

6. புதியவருக்கான புத்தகம்தானா?

"ஆரம்பநிலையினருக்கு" என்று அட்டையில் போடுவது எளிது. முதல் டெர்மினல் அத்தியாயத்தில் கீழே உள்ளவற்றைத் தேடிப் பாருங்கள்.

கட்டளைக்கு முன்னால் அச்சாகும் $ குறியைத் தட்டக் கூடாது என்று சொல்லியிருக்கிறதா? புதியவர்கள் அதையும் சேர்த்துத் தட்டுவார்கள். கட்டளை காணவில்லை என்று பிழை வரும். # குறி இன்னும் குழப்பும். நிர்வாகியாக இயக்க வேண்டும் என்பதைக் காட்டப் புத்தகம் அதைப் போட்டிருக்கும். அதையும் சேர்த்துத் தட்டினால் முழு வரியும் வெறும் குறிப்பாகக் கருதப்பட்டு எதுவுமே நடக்காது, பிழைச் செய்தியும் வராது.

கட்டளையை நிர்வாகி உரிமையோடு இயக்கும் சூடோ, கடவுச்சொல் கேட்கும்போது என்ன தெரியும் என்று எழுதியிருக்கிறதா? உபுண்டு 24.04-இல் தட்டும் எழுத்து எதுவும் திரையில் வராது. மின்ட்டில் நட்சத்திரக் குறிகள் வரும். இது தெரியாதவர் விசைப்பலகை கெட்டுவிட்டது என்று நினைப்பார்.

வேலை வெற்றியாக முடிந்தால் பல கட்டளைகள் எதையும் சொல்லாமல் அமைதியாக இருக்கும் என்பதை விளக்கியிருக்கிறதா? நல்ல ஆசிரியர் ஒவ்வொரு கட்டளைக்குப் பின்னும் திரையில் வர வேண்டியதை அச்சிட்டுக் காட்டுவார். வழக்கமாக வரும் பிழைச் செய்தியையும் காட்டி, ஏன் வருகிறது என்று சொல்வார். பிழைச் செய்தி ஒன்றுகூட இல்லாத புத்தகம் வேண்டாம். கற்கும் காலத்தில் நீங்கள் அதிகம் பார்க்கப்போவது அவற்றைத்தான்.

நிறுவும் அத்தியாயத்தில் வரிசையைக் கவனியுங்கள். முதலில் கோப்புகளை வெளி வட்டில் நகலெடுப்பது. பிறகு இறக்கிய ஐஎஸ்ஓ கோப்பு (லினக்ஸின் நிறுவல் கோப்பு) பழுதில்லாமல் வந்திருக்கிறதா என்று செக்சம் எனும் சரிபார்ப்பு எண்ணை வைத்துப் பார்ப்பது. விண்டோஸையும் வைத்துக்கொள்பவருக்கு பிட்லாக்கர் (விண்டோஸின் வட்டுப் பூட்டு) மீட்புச் சாவியை எழுதி வைப்பது, விண்டோஸின் ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப் வசதியை அணைப்பது. இதற்கெல்லாம் பிறகே வட்டைப் பிரிப்பது. பிட்லாக்கர் பற்றி ஒரு வரிகூட இல்லாமல் வட்டைப் பிரிக்கச் சொன்னால் அந்த அத்தியாயத்தைப் பின்பற்றாதீர்கள். சாவி இல்லாமல் பூட்டிக்கொண்ட விண்டோஸ் வட்டிலிருந்து குடும்பப் படங்களை மீட்க வழியில்லை.

7. ஓர் அத்தியாயத்தைச் செய்து பாருங்கள்

மேலே உள்ளதெல்லாம் பார்வைச் சோதனை. இதுதான் உண்மையான சோதனை. 8 ஜிபி பென்டிரைவ் ஒன்றில் மின்ட் அல்லது உபுண்டுவை எழுதி, நிறுவாமல் லைவ் முறையில் துவக்குங்கள். வட்டில் எதுவும் மாறாது. பென்டிரைவில் ஏற்கெனவே இருந்தவை அழிந்துவிடும் என்பதை மட்டும் நினைவில் வையுங்கள். மின்ட்டுக்கு 2 ஜிபி ரேம் போதும் என்றாலும் 4 ஜிபி இருந்தால்தான் வசதி.

புத்தகத்தின் மாதிரிப் பக்கங்களிலிருந்தோ, நூலகப் பிரதியிலிருந்தோ கோப்பு அனுமதிகள் பற்றிய அத்தியாயத்தை எடுங்கள். அது நடுத்தரக் கடினம். விளக்கத் தெரியாத ஆசிரியர் அங்கே மாட்டிக்கொள்வார். ஒவ்வொரு வரியையும் உங்கள் ஹோம் அடைவுக்குள் தட்டிப் பாருங்கள். வேறு பென்டிரைவில் உள்ள கோப்புகளில் செய்யாதீர்கள். அவை பெரும்பாலும் ஃபேட் வகையில் இருக்கும். அதில் லினக்ஸ் அனுமதிகள் நிற்காது, புத்தகம் தவறு என்று தோன்றிவிடும். லைவ் முறையில் சூடோ கடவுச்சொல் கேட்காது என்பதும் தெரிந்திருக்கட்டும்.

அரை மணி நேரத்தில், புத்தகத்தில் அச்சானதும் உங்கள் திரையில் வந்ததும் ஒத்துப்போயிருக்க வேண்டும். ஏதேனும் ஓரிடத்தில் விலகினால் காரணம் அந்தப் பக்கத்திலேயே கிடைக்க வேண்டும். இரண்டுக்கு மேற்பட்ட இடங்களில் விளக்கமில்லாமல் விலகினால் வேறு புத்தகம் பாருங்கள்.

8. அச்சா, மின்னூலா?

முதல் புத்தகம் அச்சில் இருப்பது நல்லது. கணினி துவங்காத நாளில் அதைத் திறக்க முடியும். தவிர, கையால் தட்டினால்தான் கட்டளை மனத்தில் தங்கும்.

பிடிஎஃப்பிலிருந்து நகலெடுத்து ஒட்டுவதில் ஒரு ஆபத்து இருக்கிறது. அச்சு அழகுக்காக நேர் மேற்கோள் குறி வளைந்த குறியாகவும் சிறு கோடு நீளக் கோடாகவும் மாறியிருக்கும். கண்ணுக்கு ஒன்றாகத் தெரிந்தாலும் டெர்மினலுக்கு அவை வேறு எழுத்துகள், கட்டளை தோற்கும். கிண்டில் போன்ற சிறு திரைகளில் நீண்ட கட்டளை இரண்டு வரியாக மடிந்து, ஒன்றா இரண்டா என்று தெரியாமல் போகும்.

பணம் கொடுப்பதற்கு முன் இலவசமாகக் கிடைப்பதைப் பாருங்கள். மின்ட் திட்டமே நிறுவும் வழிகாட்டியை வெளியிடுகிறது. அதைப் படித்து முடித்த பிறகும் தேவைப்படுவதற்குத்தான் விலை கொடுக்க வேண்டும். தமிழில் கணியம் குழுவினர் வெளியிட்டுவரும் கட்டுரைகளும் மின்னூல்களும் கருத்தைப் புரிந்துகொள்ள மிகவும் உதவும். அவற்றிலும் எழுதிய ஆண்டைப் பார்த்து, 4-ஆம் சோதனையைச் செய்துகொள்ளுங்கள்.

வாங்கிய பிறகு

பென்சிலை வைத்துக்கொண்டு படியுங்கள். மாறிப்போன கட்டளை கண்ணில் பட்டால் ஓரத்தில் புதியதை எழுதுங்கள். பக்கத்தில் உங்கள் பதிப்பு எண்ணையும் குறியுங்கள். இரண்டாவது புத்தகத்தை இப்போதே வாங்க வேண்டாம். தாளில் எழுதிய பத்து வேலைகளையும் புத்தகத்தைப் பார்க்காமல் செய்ய முடிகிறபோது, அடுத்து வேண்டியது ஷெல் ஸ்கிரிப்டா, சர்வரா, பைத்தானா என்பது உங்களுக்கே தெரிந்திருக்கும்.