சித்திரை வெயிலுக்குத் தாங்குகிற ஓவர்கிளாக்

மார்கழிக் குளிரில் ஓவர்கிளாக் போட்டு, அதாவது கம்ப்யூட்டரின் பிராசசரையும் ரேமையும் கம்பெனி வைத்த வேகத்துக்கு மேல் ஓட்டி, ராத்திரி முழுக்க நிற்காமல் ஓடியது என்று சந்தோஷப்படுகிறவர்கள், அதே செட்டிங்கைச் சித்திரையில் ஈரோட்டிலோ கரூரிலோ மத்தியானம் ரெண்டு மணிக்கு ஓட்டிப் பாருங்கள். அறை 24 டிகிரி இருக்கும்போது 80-ல் நிற்கிற பிராசசர், அறை 36 ஆனால் 92-க்குப் போய்விடும், கூலருக்கு எவ்வளவு காசு கொட்டியிருந்தாலும் சரி. ஆடிக் காற்றில் கோயமுத்தூரில் எடுத்த டெம்பரேச்சரை நம்பி வோல்டேஜை முடிவு செய்யாதீர்கள்.

முதலில் தூசி. திருப்பூர், பல்லடம், சோமனூர் பக்கம் இருந்தால் கூலர் ஃபேனைக் கழற்றிப் பாருங்கள். ஹீட்சிங்க் தகடுகளின் முகத்தில் பஞ்சு ஒரு துணி மாதிரி படிந்திருக்கும், ஓரத்தை நகத்தால் கிள்ளி இழுத்தால் முழுசாக உரிந்து வரும். அது இருக்கும்வரை ஓவர்கிளாக் பேச்சே வேண்டாம். ப்ளோயர் அடிக்கும்போது ஃபேன் சுற்றாமல் விரலால் பிடித்துக்கொள்ளுங்கள்.

இன்டெல்லில் பெயரில் கே இருக்கிற பிராசசரும் இசட் வரிசை மதர்போர்டும் வேண்டும். ஏஎம்டியின் ரைசனுக்கு பி450, பி550, பி650 போர்டே போதும், ஏ வரிசை ஆகாது. 13, 14-ஆம் தலைமுறை இன்டெல் வைத்திருப்பவர்கள் எதையும் தொடுவதற்கு முன் பயாஸை (இந்த செட்டிங்கையெல்லாம் மாற்றுகிற, போர்டிலேயே இருக்கிற மென்பொருள்) அப்டேட் செய்யுங்கள். வோல்டேஜ் அதிகமாகப் போய் சிப் கெடுகிற பிரச்சினைக்கு 2024-ல் திருத்தம் வந்தது. அப்டேட் ஓடும்போது யூபிஎஸ் கட்டாயம்.

ரேமில் ஆரம்பியுங்கள், செலவில்லாத வேகம் அங்கேதான் இருக்கிறது. பெட்டியில் 3200 என்று போட்டிருந்தாலும் பயாஸில் எக்ஸ்எம்பியை (ரேமை அதன் பெட்டியில் போட்ட வேகத்துக்குக் கொண்டுபோகும் செட்டிங்) ஆன் செய்யாதவரை பல ரேம்கள் 2133-லோ 2666-லோதான் ஓடும். ஆன் செய்ததும் வோல்டேஜ் 1.2-லிருந்து 1.35-க்குப் போகும், டிடிஆர்4-க்கு அது சாதாரணம். ரெண்டு ரேம் என்றால் பிராசசரிலிருந்து எண்ணி ரெண்டாவது, நாலாவது ஸ்லாட்டில் மாட்டுங்கள். அப்புறம் டைமிங், அதாவது ரேம் ஒவ்வொரு வேலைக்கும் எத்தனை சுழற்சி காத்திருக்கிறது என்கிற எண்கள். 16-18-18-38 என்று இருக்கிற எண்களில் ஒவ்வொன்றாக, ஒரு படி மட்டும் குறைக்க வேண்டும். 3200-ல் சிஎல் (டைமிங்கின் முதல் எண்) 16 என்றாலும் 3600-ல் சிஎல் 18 என்றாலும் தாமதம் அதே 10 நானோசெகண்ட்தான், ஆகவே பெரிய எண்ணைப் பார்த்து மயங்க வேண்டாம். டிடிஆர்4-க்கு 1.4-ஐத் தாண்டி தினசரி ஓட்ட நான் சொல்ல மாட்டேன். ஏஎம்5 (புது ரைசன்களின் சாக்கெட்) போர்டு என்றால் எஸ்ஓசி வோல்டேஜ் (பிராசசருக்குள் ரேமைக் கையாளும் பகுதிக்குப் போவது) 1.3-ஐத் தாண்டவே கூடாது, 2023-ல் சிப்கள் கருகியபின் ஏஎம்டியே போட்ட வரம்பு அது.

விண்டோஸ் திறந்துவிட்டதே என்று ரேமை நம்பாதீர்கள். ஒரு பிட் புரண்டாலும் சிஸ்டம் நிற்காது, ஆனால் ஒரு மாசம் கழித்து டேலி ஃபைல் திறக்காது. ரேமைச் சோதிக்கிற மெம்டெஸ்ட்86 நாலு சுற்றும் முடிய வேண்டும், ஒரே ஒரு எரர் வந்தாலும் அந்த செட்டிங் தோல்விதான். அதற்கு மேல், கிராபிக்ஸ் கார்டுக்கும் லோடு கொடுத்துக்கொண்டே விண்டோஸில் டெஸ்ட்மெம்5 ஓட்டுங்கள். கார்டின் சூடு ரேம் மேல் ஏறும்போது வெளியே வருகிற எரர்கள் தனியாக ஓட்டினால் தெரியாது.

பிராசசரில் ஆசையைக் குறையுங்கள். வோல்டேஜை 1.20-லிருந்து 1.32-க்கு ஏற்றுவது பத்து சதவீதம்தான், ஆனால் பவர் அதன் வர்க்கத்தில் ஏறுவதால் சூடு இருபது சதவீதத்துக்கு மேல் கூடும். பிராசசர் வேகத்தை முடிவு செய்கிற மல்டிபிளையரை ஒன்று ஏற்றி, அதற்கு முழு வேலை கொடுக்கிற சினிபெஞ்ச் அரை மணி ஓட்டி, ஹெச்டபிள்யூஇன்ஃபோவில் டெம்பரேச்சரைப் பார்த்து, தொங்கினால் மட்டும் 0.01 வோல்ட் கூட்டுங்கள். லோடு லைன் கேலிபரேஷனை (லோடு ஏறும்போது வோல்டேஜ் இறங்குவதை ஈடுகட்டும் செட்டிங்) நடுவில் வையுங்கள், உச்சத்தில் வைத்தால் லோடு விடும் நொடியில் வோல்டேஜ் குதிக்கும். ரைசன் ஆட்டோவில் 1.45 காட்டுகிறதே என்று அதை மேனுவலாகப் போட்டுவிடாதீர்கள். அது ஒரு கோர் மட்டும் ஓடும் நேரத்துக்கானது. ரைசன் 5000 வரிசையிலிருந்து இருக்கிற கர்வ் ஆப்டிமைசரில் (ஒவ்வொரு வேகத்துக்கும் போகும் வோல்டேஜைக் குறைக்கும் செட்டிங்) மைனஸ் 10 போட்டுப் பார்ப்பதே மேல், சூடும் குறையும், வேகமும் கிடைக்கும்.

பூட் ஆகாமல் போனால் பதற வேண்டாம், பவர் கேபிளைப் பிடுங்கிவிட்டு பயாஸ் செட்டிங்கை அழிக்கிற சிமாஸ் ஜம்பரின் ரெண்டு பின்னையும் உலோக முனையால் சேர்த்துத் தொட்டு எடுங்கள், அல்லது பட்டன் செல்லை ஐந்து நிமிஷம் கழற்றி வையுங்கள். சரியான செட்டிங் கிடைத்ததும் பயாஸ் திரையை ஃபோனில் படம் எடுத்துக்கொள்ளுங்கள், அடுத்த பயாஸ் அப்டேட்டில் சேமித்த புரொஃபைல் பெரும்பாலும் போய்விடும்.