தண்ணீர் மேல் சுழல்காற்று: அடியைப் பார்த்து அடையாளம் காணுங்கள்

சித்திரை வெயிலில் காய்ந்த கண்மாய்க்குள் புழுதியைச் சுருட்டிக்கொண்டு ஓடும் சூறைக்காற்று மதுரைப் பக்கம் எல்லாருக்கும் பழக்கம். ராமேசுவரம், தொண்டி போகும்போது கடலில் வால் போல இறங்கும் ஒன்றைப் பார்த்து அதையும் அதே கணக்கில் சேர்த்துவிடக் கூடாது. செய்திகளில் வாட்டர் ஸ்பவுட் என்கிறார்களே, அந்த நீர்த்தூண் அது. பெரிய ஏரிகளிலும் வரும்.

முதலில் தலைக்கு மேலே பாருங்கள். சூறைக்காற்றுக்கு மேகம் வேண்டாம். சுட்ட தரையே போதும். நீர்த்தூணுக்கு மேலே அடி கறுத்து, உச்சி காலிஃபிளவர் போல வளரும் மேகம் இருக்கும்.

அடுத்து அடி. இங்கேதான் பலர் ஏமாறுகிறார்கள். முதலில் தண்ணீரில் கரும்வட்டம் தெரியும், பிறகு அதைச் சுற்றி நீர்த்திவலை வளையமாகக் கிளம்பும். மேகத்து வால் பாதியில் நின்றாலும் காற்று கீழே சுழன்றுகொண்டுதான் இருக்கும். 'இன்னும் இறங்கவில்லை' என்று படகை உள்ளே விடாதீர்கள். கண்ணுக்குத் தெரியும் தூண் கடல்நீரே அல்ல; காற்றிலுள்ள ஈரம் குளிர்ந்து மேகமானது. திவலை மட்டுமே கடலுடையது. 

மழைக்காலும், அதாவது தூரத்தில் மேகத்திலிருந்து இறங்கும் மழைத்தாரையும், தூண் போலவே தெரியும். போனைச் சுவரில் சாய்த்து வைத்து ஒரு நிமிடம் படமெடுத்து, வேகமாக ஓட்டிப் பாருங்கள். மழைக்கால் அகலமான திரைபோல் சாய்ந்து நகரும், ஓரம் மங்கலாக இருக்கும். நீர்த்தூண் ஒல்லியாகச் சுழலும்.

புயலோடு குழப்பிக்கொள்ள வேண்டாம். 2018 நவம்பர் 16-ல் வேதாரண்யம் அருகே கரை கடந்த கஜா போன்றவை நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் விரிந்தவை. நாள்கணக்கில் முன்னறிவிப்பு வரும். நீர்த்தூண் பெரும்பாலும் 5 முதல் 20 நிமிடத்தில் கலைந்துவிடும். அதற்கு முன்னறிவிப்பை நம்பியிருக்க முடியாது.

உங்கள் பக்கம் வருகிறதா என்று அறிய, நின்ற இடத்திலிருந்து அதை ஒரு கம்பத்தோடு நேராக்கிப் பாருங்கள். கம்பத்தை விட்டு விலகினால் பக்கவாட்டில் போகிறது. விலகாமலே பருத்தால் உங்களை நோக்கி வருகிறது என்றே வைத்துக்கொள்ளுங்கள். படகில் இருந்தால் அது போகும் திசைக்குக் குறுக்காக, 90 பாகையில் விலகுங்கள். அதன் முன்னால் ஓடிப் பந்தயம் கட்டாதீர்கள். கரையேறினால் சீக்கிரம் தளர்ந்துவிடும் என்றாலும் தகரக் கூரையைப் பிய்க்க அது போதும். கான்கிரீட் கட்டடத்துக்குள், ஜன்னலை விட்டுத் தள்ளி நில்லுங்கள்.

இடிமேகத்தோடு வந்த தூணானால் காற்று இன்னும் மூர்க்கமாக இருக்கலாம், மின்னலும் சேரும். மின்னலுக்கும் இடிக்கும் இடையே 30 நொடிக்குள் என்றால் மின்னல் 10 கிலோமீட்டருக்குள் விழுகிறது. பனைமரத்தடிக்குப் போகாமல் உள்ளே போங்கள். கடைசி இடி கேட்டு 30 நிமிடம் கழித்து வெளியே வரலாம். தாமினி செயலி அருகில் மின்னல் விழும் இடங்களைக் காட்டும்; நீர்த்தூணைக் காட்டாது.