குவார்ட்டர்பேக்கின் துல்லியம்: விவாதத்தில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

அமெரிக்கக் கால்பந்து லீகான என்எஃப்எல்லின் சீசன் தொடங்கினால் போதும், பஃபலோ அணியின் குவார்ட்டர்பேக் (பந்தை எறிந்து ஆட்டத்தை நடத்துபவர்) ஜோஷ் ஆலன் துல்லியமாக எறிகிறாரா இல்லையா என்ற வாக்குவாதமும் தொடங்கிவிடும். பழைய ரசிகர்கள் எப்போதோ விழுந்து எழுந்த பள்ளங்களிலேயே புதிதாக வருகிறவர்களும் விழுகிறார்கள். சொந்த அணிப் பாசம் கண்ணை மறைப்பது எல்லோருக்கும் தெரிந்தது, அதை விட்டுவிடுவோம்.

கம்ப்ளீஷன் சதவீதத்தையே துல்லியம் என்று எடுத்துக்கொள்வது

எத்தனை முறை சொன்னாலும் திரும்பத் திரும்ப வந்து எரிச்சலூட்டும் தவறு இது. எறிந்த பாஸ்களில் நூற்றுக்கு எத்தனையைச் சொந்த அணி வீரர்கள் பிடித்தார்கள் என்பதுதான் அந்த எண். பந்து போக வேண்டிய இடத்துக்குப் போனதா என்பதைப் பற்றி அதற்கு ஒன்றும் தெரியாது.

2016 சீசனைப் பாருங்கள். மினசோட்டா வைக்கிங்ஸின் சாம் பிராட்ஃபோர்டு எறிந்த 552 பாஸ்களில் 395 பிடிபட்டன. 71.6%, அன்றைய சாதனை. அதே ஆண்டு அட்லாண்டாவின் மாட் ரயன் 69.9%. இதை மட்டும் பார்த்தால் பிராட்ஃபோர்டுதான் மேல். ஆனால் ஓர் எறிதலுக்கு அவருக்குக் கிடைத்தது சராசரியாக 7.0 யார்டு, ரயனுக்கு 9.3. சீசனின் மிக மதிப்புமிக்க வீரருக்கான எம்விபி விருதும் ரயனுக்கே போனது. குவார்ட்டர்பேக்கைக் காக்கும் வைக்கிங்ஸின் தடுப்பு வரிசை காயங்களால் சிதைந்து கிடந்ததால், பந்தைச் சட்டென்று கிட்டத்திலேயே கொடுத்துவிடும் ஆட்டத்தை ஆடினார்கள். ஐந்து யார்டு பாஸும் முப்பது யார்டு பாஸும் இந்தச் சதவீதத்தில் ஒரே எடைதான்.

கணக்கெடுக்கும் விதமும் பார்க்க வேண்டியது. ரிசீவரின் (பாஸைப் பிடிக்க ஓடும் வீரர்) கையில் விழுந்து நழுவிய பந்து, கடிகாரத்தை நிறுத்தத் தரையில் அடிக்கும் ஸ்பைக், சாக் ஆகாமல் (எறியும் முன்பே மடக்கப்படாமல்) தப்ப வேண்டுமென்றே வெளியே வீசியது, எதிரணி வீரர் ஆட்டம் தொடங்கும் கோட்டருகிலேயே தட்டிவிட்டது எல்லாமே தவறிய பாஸ்தான். நாற்பது யார்டு தள்ளிக் கச்சிதமாக இறங்கும் பந்தைப் பிடிக்கவிடாமல் ரிசீவரை இழுத்தால் பாஸ் இன்டர்ஃபியரன்ஸ் அபராதம் உண்டு, ஆனால் அந்த அருமையான எறிதல் முயற்சியாகக்கூடப் பதிவாகாது. பந்தைக் கையிலேயே வைத்துக்கொண்டு சாக் ஆனாலும் சதவீதம் குறையாது.

ஆலனின் எண்கள் இவை: 2018-ல் 52.8, 2019-ல் 58.8, 2020-ல் 69.2, 2021-ல் 63.3. 2020-ல் ஸ்டெஃபான் டிக்ஸ் பஃபலோவுக்கு வந்து, லீகிலேயே அதிகமாக 127 பாஸ் பிடித்தார். ஆலன் தன் எறியும் முறையைத் திருத்திக்கொண்டதும் உண்மை. இதில் எது யாருடைய பங்கு என்பதைச் சதவீதம் பிரித்துக் காட்டாது. அடுத்த ஆண்டு ஆறு புள்ளி இறங்கியதால் அவருடைய கை கெட்டுவிட்டது என்றும் ஆகாது.

சரியாகப் பார்க்க விரும்பினால் ஸ்பைக், வெளியே வீசியவை, கோட்டருகே தட்டப்பட்டவை மூன்றையும் முதலில் கழியுங்கள். மீதியைக் கோட்டுக்குப் பின்னால், 10 யார்டு வரை, 20 யார்டு வரை, அதற்கு மேல் என்று நான்காகப் பிரியுங்கள். பிறகு ஒவ்வொரு பிரிவிலும், பிடிபட்டதோ இல்லையோ, பிடிக்கக்கூடிய இடத்துக்கு வந்த பந்துகளை மட்டும் எண்ணுங்கள். இரண்டு குவார்ட்டர்பேக்குகளை ஒப்பிடும்போது பிரிவுக்குப் பிரிவு ஒப்பிட வேண்டும், மொத்தத்தை அல்ல.

பிடிபட்டாலே நல்ல பாஸ் என்று நினைப்பது

உள்நோக்கி வெட்டி ஓடும் ஸ்லான்ட்டில் பந்து ரிசீவரின் நெஞ்சுக்கு நேராக, சற்று முன்னால் வர வேண்டும். அப்படி வந்தால் வேகம் குறையாமல் ஓடுவார். முதுகுப் பக்கம் வந்தால் திரும்பி, நின்று பிடிப்பார், அங்கேயே மடக்கிவிடுவார்கள். இரண்டும் ஸ்கோர்கார்டில் பிடிபட்ட பாஸ்தான், கிடைக்கும் யார்டு மட்டும் ஐந்துக்கும் இருபதுக்கும் உள்ள வித்தியாசம். எல்லைக்கோட்டை நோக்கி ஓடும் அவுட் ரூட்டில் பந்து வெளிப்பக்கம் விழ வேண்டும். உள்ளே வந்தால் எதிரணி வீரர் பறித்துக்கொண்டு நேராக டச் டவுனுக்கு ஓடிவிடுவார்.

சிபிஓஇ-யை இறுதித் தீர்ப்பாக்குவது

தோள் கவசத்திலும் பந்திலும் உள்ள சிப்களை வைத்து, தூரம், ரிசீவருக்குக் கிடைத்த இடைவெளி, நெருக்கடி ஆகியவற்றைப் பார்த்து, ஒரு பாஸ் எந்த அளவுக்குப் பிடிபட்டிருக்க வேண்டும் என்று கணிக்கிறார்கள். உண்மையில் பிடிபட்டதற்கும் அந்தக் கணிப்புக்கும் உள்ள வித்தியாசம்தான் சிபிஓஇ (Completion Percentage Over Expected). வெறும் சதவீதத்தைவிட எவ்வளவோ மேல். ஆனால் ரிசீவர் நழுவவிட்டால் இங்கேயும் பழி எறிந்தவர் மீதுதான்.

பாஸர் ரேட்டிங்கைத் துணைக்கு அழைப்பது

எறிபவருக்குக் கொடுக்கும் மொத்த மதிப்பெண்தான் பாஸர் ரேட்டிங். அதன் நான்கு கூறுகளில் ஒன்று அதே கம்ப்ளீஷன் சதவீதம்தான்.

ஒரே ஆட்டத்தை வைத்துப் பேசுவது

2021 டிசம்பர் 6, பஃபலோவில் பேய்க்காற்று. நியூ இங்கிலாந்தின் மாக் ஜோன்ஸ் எறிந்தது மூன்றே பாஸ், பிடிபட்டது இரண்டு. 66.7%. மூன்று பாஸை வைத்துத் துல்லியத்தைப் பற்றி என்ன சொல்ல முடியும்?

காலம் பார்க்காமல் ஒப்பிடுவது

1967-ல் 4,007 யார்டு எறிந்த குவார்ட்டர்பேக் ஜோ நேமத்தின் வாழ்நாள் சதவீதம் 50.1. இன்றைய கண்ணுக்கு அது குறைவாகத் தெரியும், ஆனால் ஐந்து யார்டுக்கு அப்பால் ரிசீவரை முட்டித் தடுக்கக் கூடாது என்ற விதி 1978-ல்தான் வந்தது.